பச்சைக் கொக்குக்கு ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை

என் மனைவியைப் பெண் கேட்டு வேறொரு வீட்டார் அனுப்பிய கடித உறையை, கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் வீட்டு முன்னறையில் வெயில் எட்டாத சுவரில் எட்டு மாதம் மாட்டி வைத்திருந்தவன் நான். வீட்டுக்கு வருகிறவர்களை அதன் முன் நிறுத்தி விளக்கமும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லும்போது என் முகத்தில் ஒரு பெருமை இருந்தது என்கிறாள் மனைவி. இருந்திருக்கும்.

உறைக்குள் வந்தது ஒரு மாப்பிள்ளையின் சாதகக் குறிப்பு. புளியங்குளத்திலிருந்து ஸ்கந்தபுரத்துக்கு, என் மாமனாரின் பெயருக்கு வந்தது. பொருத்தம் பார்த்த சாத்திரியார் சரிவராது என்றார். சில மாதம் கழித்து என் குறிப்புப் போனது; அதே சாத்திரியார் இது சரிவரும் என்றார். அவருடைய கணிப்பின் தரம் பற்றி மனைவிக்கு இன்றைக்கும் சில ஐயங்கள் உண்டு. அந்த முதல் மாப்பிள்ளை இப்போது கனடாவில் வீடும் இரண்டு காருமாக இருக்கிறார்.

குறிப்பைத் திருப்பிக் கொடுத்த மாமனார் உறையைக் கொடுக்கவில்லை. காரணம், அது தடித்த நல்ல கடதாசி. மகளின் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை அதற்குள் மடித்து வைத்து, பொலித்தீனால் சுற்றி, குடும்பத்தின் பத்திரப் பைக்குள் போட்டார். வன்னியில் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு பை இருந்தது. ஓடும்போது சோற்றுப் பானையை விட்டுவிட்டு ஓடியவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பையை விட்டவர்கள் குறைவு. எங்களுடையதும் எங்கெங்கோ போய், முகாமுக்குள் இருந்து, வெளியே வந்து, கடைசியில் கிளிநொச்சியில் எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் படுத்துக்கொண்டது. அத்தனை வருடமும் உறையில் வெயில் படவில்லை. இது எவ்வளவு முக்கியமான தகவல் என்று எனக்குத் தெரிய வந்தபோது பதாகை எல்லாம் அடித்து முடிந்திருந்தது.

ஒரு நாள் அடையாள அட்டை அலுவலாகச் சாட்சிப்பத்திரம் தேவைப்பட்டு உறையை எடுத்தேன். நான் சிறுவயது முதல் முத்திரை சேர்ப்பவன். உறையைக் கண்டால் கண் தானாக வலப்பக்க மேல்மூலைக்குப் போகும். அங்கே ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. அந்தக் கொக்கு முத்திரையை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதுதான் ஒட்டியிருக்கும். சாதாரணத்திலும் சாதாரணம். நீல நிறம்.

இது பச்சையாக இருந்தது.

நிறம் மாறி அச்சான முத்திரை ஒன்று கிடைப்பது, சேகரிப்பாளன் ஒருவன் வாழ்நாள் முழுதும் காணும் கனவு. அப்படிக் கிடைத்தால் உலகத்து முத்திரைப் பட்டியல்களில் அதற்கென ஒரு வரி சேரும். கண்டுபிடித்தவன் பெயரும் சிலவேளை சேரும். அந்த ஒரு வரிக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். அரசசார்பற்ற நிறுவனங்களுக்கு முன்மொழிவும் அறிக்கையும் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆடு, கிணறு, தையல் இயந்திரம், மனநலம், எதைப் பற்றியும் எழுதுவேன். ஆடு செத்துப்போனால் ‘கற்றுக்கொண்ட பாடங்கள்’ என்ற தலைப்பின் கீழ் எழுதுவேன். அடுக்கினால் என் உயரத்துக்கு வரும் அந்த அறிக்கைப் புத்தகங்களில் ஒன்றில்கூட என் பெயர் இல்லை. அட்டைப்படத்தில் சிரிக்கும் ஆட்டுக்காரரின் பெயர்கூட இருக்கும். ஐம்பதைத் தாண்டிய ஒருவனுக்கு, தன் பெயரை ஒருதரமாவது அச்சில் காண வேண்டும் என்று வருகிற ஆசை, மற்ற வயதுகளில் வருகிற ஆசைகளைவிடக் கேவலமானது.

கடைக்காரர்கள் கள்ள நோட்டுப் பார்க்கும் கழியூதா லைற் ஒன்றைப் பக்கத்து இரும்புக்கடையில் இரவல் வாங்கினேன். அறையை இருட்டாக்கி அடித்துப் பார்த்தேன். கொக்கு மின்மினி போல ஒளிர்ந்தது. சாதாரணக் கொக்கு ஒளிராது. ஆகவே இது யாருக்கும் தெரியாமல் பரீட்சார்த்தமாக ஒளிரும் மையில் அச்சடித்த முத்திரை என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினேன். உறையின் மற்ற மூன்று மூலைகளும் கொஞ்சம் ஒளிர்ந்தன. பார்த்தேன். பார்த்ததை எழுதவில்லை. இருபது வருடத் தொழில் பழக்கம்.

இங்கே எங்கள் சங்கத்தை அறிமுகப்படுத்த வேண்டும். வன்னி முத்திரை சேகரிப்பாளர் சங்கத்தில், தலைவரான என்னோடு சேர்த்து, அங்கத்தவர் நான்கு பேர். ஒருவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய் எட்டு வருடம். ஒவ்வொரு கூட்டத்திலும் ‘வரமுடியாமைக்கு மன்னிப்புக் கோரினார்’ என்று அறிக்கையில் எழுதுகிறோம், அவர் கோரியதே இல்லை. மற்றவர் முல்லைத்தீவுக் கரையில் இரண்டு படகு வைத்திருக்கும் சம்மாட்டியார். மீன் படம் போட்ட முத்திரை மட்டும் சேர்ப்பவர். அதுவும் படத்தில் பிழை பிடிப்பதற்காக. மூன்றாமவர் இளைப்பாறிய தபாலதிபர். கனகராயன்குளத்தில் வீடு. அந்தக் காலத்தில் புளியங்குளப் பக்கத்து உப தபாலகம் ஒன்றில் இருந்தவர். உறையை அவரிடம் கொடுத்தபோது உருப்பெருக்கியால் நெடுநேரம் பார்த்தார்.

“சீல் என்ர கையால குத்தினது” என்றார். “இந்தச் சாய்வு வேற ஆருக்கும் வராது.”

“நிறம் அண்ணை?”

“பச்சையாத்தான் கிடக்கு.”

சம்மாட்டியார் எட்டிப் பார்த்தார். “கொக்கு எந்தக் காலத்தில பச்சை? நந்திக்கடல்ல நான் பிறந்த நாள் தொட்டுப் பாக்கிறன், ஒரு பச்சைக் கொக்கு இறங்கேல்ல.”

“அப்ப நீலக் கொக்கு இறங்கினதோ?” என்று கேட்டேன்.

“அதுவும் இல்லை. அப்ப அச்சடிச்சவன் ரெண்டு முறையும் பிழை விட்டிருக்கிறான்.”

குளிர்நாடு ஒன்றில், முத்திரைகளை விஞ்ஞான முறையில் ஆராய்வதற்குக் கைகொடுக்கும் நிதியம் ஒன்று இருப்பதை இணையத்தில் கண்டுபிடித்தேன். மை எதனால் ஆனது, கடதாசி எந்த நாரினால் ஆனது, பின்பக்கப் பசையை எதில் காய்ச்சினார்கள் என்றெல்லாம் லொறியளவு கருவிகளை வைத்துப் பார்ப்பவர்களுக்கு உதவுகிறார்கள். காசு தருவதில்லை. பங்காண்மை தருகிறார்கள். சேகரிப்பாளர் சங்கம் ஒன்று, ஆய்வுகூடம் ஒன்று, நிதியம், மூன்றும் சேர்ந்து ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கையில் ஒப்பமிட்டால் முத்திரை பரிசோதிக்கப்படும். முடிவு அவர்களுடைய சஞ்சிகையில் வரும்.

பங்காண்மை என்ற சொல் எனக்குப் புதிதல்ல. போர் முடிந்த பிறகு எங்களுக்குக் கூரைத் தகரத்துக்கும் முந்தி வந்து சேர்ந்தது அதுதான். ஒருவர் வெள்ளை வாகனத்தில் வந்து கதைப்பார், மற்றவர் பாயில் இருந்து கேட்பார், இருவரும் பங்காளர்கள். இந்த முறை நான் வாகனத்தில் வருகிற ஆள். அந்த மயக்கத்தில் ஒரே மூச்சில் பதினெட்டுப் பக்கம் எழுதினேன். போருக்குப் பிந்திய சமூகத்தில் முத்திரையின் பங்கு. பெண்களின் பங்களிப்பு (உறை மனைவியுடையது). நிலைபேறு. தபாலதிபரிடம் தொழில்சார் கருத்து எழுதித் தரும்படி ஒரு படிவம் கொடுத்தேன். அழகான கையெழுத்தில், இடம் மிச்சம் விடாமல், சீலின் சாய்வைப் பற்றி எழுதித் தந்தார். நிதியம் இரண்டே வாரத்தில் சம்மதம் சொன்னது. வன்னியிலிருந்து அவர்களுக்கு அதுவரை ஒருவரும் எழுதியதில்லையாம்.

ஆய்வுகூடத்துக்குப் பல்கலைக்கழகம் ஒன்றின் இரசாயனவியல் விரிவுரையாளர் ஒருவரைப் பிடித்தேன். நாற்பதுக்குள் இருக்கும். அளந்து பேசுகிறவர். முன்மொழிவை முழுதும் வாசித்துவிட்டு, “ஐயா, இதில முத்திரை எத்தினையாம் பக்கத்தில வருது?” என்று மட்டும் கேட்டார்.

நிதியத்துக்குத் தேவைப்பட்டது மின்னஞ்சலில் மூன்று ஒப்பம். ஆனால் வன்னியில் பதாகை இல்லாமல் யார் ஒப்பமிடுவது? தனியார் வகுப்பு நடக்கும் ரியூட்டறி ஒன்றின் கொட்டகையை ஒரு ஞாயிறு காலைக்கு எடுத்தோம். பதாகையில் பச்சைக் கொக்கு ஆறடி அகலத்தில் நின்றது. குத்துவிளக்கு ஏற்றினோம், காற்று அணைத்தது, ஏற்றினோம். மடிகணினியின் திரையில் தோன்றிய நிதியச் செயலாளரும் தன் பங்குக்கு ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தினார். யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள், பாவம். அவரைக் கௌரவிக்கப் பொன்னாடையை மடிகணினிக்குப் போர்த்தினோம். அவர் இருட்டுக்குள் போய்விட்டார். குரல் மட்டும் துணிக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. விஞ்ஞானத்துக்கும் எங்கள் மக்களுக்கும் இடையில் ஏற்பட்ட பாலம் என்று நான் அரைமணி நேரம் பேசினேன். கொட்டகை நிறைய ஆட்கள். பெரும்பாலும் மனைவியின் சொந்தக்காரர். முத்திரை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்தேன். கனடாக்காரரின் கடித உறையைப் பார்க்க வந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது.

“கையெழுத்து வடிவாத்தான் இருக்கு” என்று ஒரு மச்சாள் சொன்னதும், என் மனைவி “ம்” என்றதும் என் காதில் விழுந்தன.

விழா முடிந்ததும் மாதிரியின் வரலாறு என்ற படிவத்தை நிரப்பினேன். பொருள் எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது என்றெல்லாம் கேள்வி. ‘உற்பத்திக்குப் பின்னர் ஏதேனும் பதார்த்தம் பூசப்பட்டதா?’ இல்லை என்று எழுதினேன். ‘வேறு நிறமாற்றம் ஏதேனும் காணப்படுகிறதா?’ மற்ற மூன்று மூலைகளிலும் மஞ்சள், முதுமையின் விளைவு என்று எழுதினேன். உறையைச் சட்டத்திலிருந்து கழற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, பஸ்ஸில் மடியில் சுமந்து கொண்டுபோய் விரிவுரையாளர் கையில் கொடுத்தேன். என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளில்கூட அவ்வளவு பதற்றம் இல்லை.

மூன்று வாரம் சத்தமில்லை. அந்த மூன்று வாரமும் நான் பட்டியலில் வரப்போகும் வரியை எனக்குள் எழுதி எழுதித் திருத்தினேன். முதலெழுத்தோடு போடுவார்களா, முழுப்பெயரும் போடுவார்களா என்பதுதான் அப்போது என் கவலை.

சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது விரிவுரையாளரின் அழைப்பு வந்தது.

“ஐயா, ஒரு சின்னக் கேள்வி. முத்திரையைப் பற்றி இல்லை, உறையைப் பற்றி.”

“கேளுங்கோ பிள்ளை.”

“மற்ற மூண்டு மூலையும் ஏன் மஞ்சள்?”

படிவத்தில் எழுதியது அந்த நேரம் நினைவில் இல்லை. உண்மை தானாக வந்துவிட்டது. “அது கலியாணக் குறிப்பு வந்த உறை எல்லோ. மஞ்சள் பூசித்தானே அனுப்புறது.”

“மூண்டு மூலைக்கு மட்டுமோ பூசுறது?”

நான் விரல் மடக்கி எண்ணினேன். உறைக்கு மூலை நாலு.

“அண்ணை, வெட்டித் தாறதோ, முழுசாத் தாறதோ?” என்றார் மீன்காரர்.

மங்கலக் காரியக் கடிதத்துக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது எங்கள் வழக்கம். என் சொந்தக் கலியாண அழைப்பிதழ்களுக்குக் குசினியில் சப்பாணி கட்டி இருந்து, கிண்ணத்தில் குழைத்த மஞ்சளை விரலால் தொட்டுத் தொட்டுப் பூசியவன் நான்தான். இரண்டு நாள் விரல் மஞ்சளாக இருந்தது. ஆனால் பதார்த்தம் என்று படிவம் கேட்டபோது என் மனதில் வந்தவை அமிலம், வாணிசு, மண்ணெண்ணெய். மஞ்சளை ஒரு பதார்த்தம் என்று நினைக்கத் தமிழ் வீட்டில் பிறந்தவனுக்கு எங்கே தோன்றும்? நாலாவது மூலையில் முத்திரை இருந்தால் பூசுகிற விரல் அதைச் சுற்றிக்கொண்டு போகும் என்று நான் நினைத்தேனோ என்னவோ. நினைக்கவே இல்லை என்பதுதான் சரி.

விரிவுரையாளர் பொறுமையாகச் சொன்னார். “நீல மைக்கு மேல மஞ்சள் ஏறினால் பச்சை, ஐயா. அந்த லைற்றுக்குக் கீழ மஞ்சள் ஒளிரும். கடையில பக்கற்றில வாங்கிற தூளும் ஒளிரும். வெயில் பட்டிருந்தால் எப்பவோ வெளிறியிருக்கும். நீங்கள் பையுக்க வைச்சுக் காப்பாத்திப் போட்டியள்.”

“நிச்சயமோ பிள்ளை?”

“ஓம். கருவியும் அதைத்தான் சொல்லுது. கடைசியா ஒரு ஓரத்தில மதுசாரம் தொட்டுத் துடைச்சுப் பாக்கவேணும். கீழ நீலம் இருந்தால் கதை முடிஞ்சுது. அதுக்கு உங்கட அனுமதி வேணும்.”

அந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. குரலைத் தாழ்த்தி, மீன்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டேன். “துடைக்காமல் விட்டிட்டு, அறிக்கையில ‘மேலதிக ஆய்வு தேவை’ எண்டு போடலாமோ?” எத்தனை செத்த ஆடுகளை அந்த ஒரு வரி உயிரோடு வைத்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

“கறிக்குப் போடுற சாமானுக்கு மேலதிக ஆய்வு எண்டு நான் ஒப்பம் வைச்சால், ஐயா, முதலாம் வருசப் பிள்ளையள் சிரிக்குங்கள்.”

உறை மனைவியுடையது, அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்தேன். வீட்டில் அவள் மீனை உரசிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். சிரிப்பாள் என்று பயந்தேன். சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம்.

“அந்த வீட்டாக்கள் எல்லாத்திலயும் தாராளம்” என்றாள். “மஞ்சளிலயும் கை இறுக்கேல்லப் போல.”

“துடைக்கச் சொல்லட்டோ?”

“துடைக்கட்டும். என்ர சாட்சிப்பத்திரம் என்னட்டக் கிடக்கு. உறை இல்லாட்டியும் நான் பிறந்தது பிறந்ததுதானே.”

துடைத்தார்கள். படம் அனுப்பினார்கள். கொக்கின் தலையும் கழுத்தும் நீலம், உடம்பு பச்சை. அறிக்கை பதினொரு பக்கம். முதல் பக்கம் மூன்றாம் வரியிலேயே மஞ்சள் வந்துவிடுகிறது. மிச்சப் பத்துப் பக்கமும் அது எந்த அளவுக்கு மஞ்சள் என்பதைப் பற்றியது.

இதை நிதியத்துக்கு எப்படிச் சொல்வது என்று நான்கு நாள் யோசித்தேன். விரிவுரையாளர் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். அவர்கள் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மிகவும் மகிழ்ச்சியடைந்தார்கள். சமையலறைப் பொருளால் நிறம் மாறிய முத்திரை ஒன்று, முழுத் தகவல்களோடு, தங்களுக்கு முதன்முதலாகக் கிடைத்திருக்கிறது என்று செயலாளர் எழுதினார். குங்குமம், விபூதி, வெற்றிலைச் சாறு, தேங்காயெண்ணெய் பட்ட முத்திரைகளும் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவியாக இருக்கும், பங்காண்மையை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டலாமா என்று கேட்டார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது என் முன்மொழிவு நீட்டிப்புப் பெற வேண்டும் என்று நான் ஏங்கியதுண்டு. அது வெற்றிலைச் சாற்றுக்காக வந்தது.

சஞ்சிகை அச்சிலேயே வந்தது. தபாற்காரர் படலையில் மணியடித்து, ஒப்பம் வாங்கிக்கொண்டு கொடுத்தார். முதலெழுத்து, முழுப்பெயர், கிளிநொச்சி, எல்லாம் சரியாக இருந்தன. ‘மாற்றம் செய்யப்பட்ட முத்திரைகள்: எச்சரிக்கை’ என்ற பகுதியில், மாதிரியை வழங்கியவர் என்று போட்டிருந்தார்கள். எனக்கு மேலே, போலி முத்திரை அச்சடித்துப் பிடிபட்ட ஒருவருடைய படைப்பு. கீழே, முத்திரையை வெளிற்றுந் திரவத்தில் ஊறவைத்த ஒருவர். நடுவில் நானும் கனடாக்காரர் வீட்டு மஞ்சளும்.

சங்கக் கூட்டத்தைக் கூட்டாமல் இருக்க முடியவில்லை. ஒரு பின்னேரம் எங்கள் வீட்டு முன்னறையில், ஆணி மட்டும் மிஞ்சிய சுவருக்குக் கீழே, கதிரை போட்டு இருந்தோம். அவுஸ்திரேலியாக்காரர் மன்னிப்புக் கோரினார். அறிக்கையின் சுருக்கத்தை வாசித்தேன். என் பொறுப்பில்லாத்தனத்தை ஒப்புக்கொண்டு, தலைவர் பதவியிலிருந்து விலகுவதாகவும் சொன்னேன். யாராவது தடுப்பார்கள் என்று கொஞ்சம் இடைவெளி விட்டேன்.

“சரி” என்றார் சம்மாட்டியார். “அப்ப அடுத்த கூட்டம் என்ர இடத்தில வைப்பம். பாரை மீன் முத்திரை ஒண்டு வந்திருக்கு, வால் முழுக்கப் பிழை.”

தபாலதிபர் மட்டும் சஞ்சிகையைக் கையில் வைத்து, தன்னுடைய சீல் தெரிகிற படத்தை உருப்பெருக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். சாய்வு தெளிவாக விழுந்திருந்ததில் திருப்தி. எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. முப்பது வருடம் கலியாணக் கடிதம், குறிப்பு, அழைப்பிதழ் என்று ஒரு கிராமத்தின் மஞ்சள் முழுவதும் கைபட்டுப் போன மனிதர் இவர்.

“அண்ணை, இது மஞ்சள் எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“ஓமோம். கண்ட உடனயே தெரியும். அந்தக் காலத்தில மாசம் பத்து வரும் இப்பிடி. சீல் குத்தினால் எங்கட ரப்பரும் மஞ்சளாப் போயிடும்.”

“அப்ப ஏன் அந்தப் படிவத்தில அதை எழுதேல்ல?”

அவர் உருப்பெருக்கியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“மஞ்சள் எண்டு எழுதினால் ஒரு சொல்லோட முடிஞ்சிடும் தம்பி. நீங்கள் பத்து வரி விட்டிருந்தியள்.”